கம்பி வெட்டிய கூரை

டிச. 1, திங்கள்
மேகம். மழை இல்லை.

முதலில் நடந்த அநியாயம். கோயில் மண்டபத்துக் கூரையைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்த கம்பிகளைப் போன வருடம் பெயிண்ட் அடிக்கும்போது வெட்டி எறிந்தார்கள். கல்யாண போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறதாம். கூடாது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என் பேச்சு மினிட்டில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏறவில்லை. வெள்ளிக்கிழமை காலைக் காற்றில் பதினாறு தகரம் போயிற்று. ஒன்று ஆயர் தாவார் போகும் ரோட்டில் கிடந்தது. வெள்ளத்துக்கு மண்டபத்தில் ஒதுங்கும் குடும்பங்கள் அன்று இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தால்?

கோயில் கமிட்டித் தலைவர் தேவராஜன் சொல்வது: “புயல்லா அண்ணே. சாமியே வந்து புடிச்சாலும் நிக்காது.”

ஞாயிறு கூட்டம். புதுக் கூரை பற்றி முடிவு. கம்பி வேண்டாம் என்று இப்போதே பேச்சு. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியது: புயல் என்றால் என்ன, எவ்வளவு பலத்தோடு இங்கே வந்தது.

டிச. 2, செவ்வாய்
தூறல். 4 மி.மீ. பல்வலி. கிராம்பு வாங்க.

போனில் படித்தது. கடல் சூடாக வேண்டும், மேலாக மட்டுமல்ல, ஆழம் வரை. ஈரக்காற்று மேலே ஏறும். ஏறிய இடத்தில் அழுத்தம் குறையும், சுற்றிலுமிருந்து காற்று அங்கே ஓடி வரும். மேலே போன ஈரம் மேகமாகும்போது வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் இன்னும் வேகமாக ஏற்றம். கடல் சூடுதான் அதற்குச் சோறு. தரையேறினால் பட்டினி.

இந்தப் புயல் நமக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள நீரிணையிலேயே பிறந்து, சுமத்ராவில் ஏறி, திரும்பி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. வந்து சேரும்போது பாதி பட்டினி என்று நினைக்கிறேன்.

டிவியில் சுமத்ரா. வீட்டுக்குள் சேறு, சேற்றுக்குள் மரக்கட்டைகள். ஒரு பெண் சேற்றில் எதையோ கையால் தோண்டிக்கொண்டே இருந்தாள். கூரையைப் பிய்ப்பது, கடலைக் கரைக்குத் தள்ளுவது எல்லாம் காற்று. பெரும்பாலும் கொல்வது தண்ணீர். டிவியை நிறுத்திவிட்டேன்.

பிடிபடாதது: காற்று நேராக நடுவுக்குப் போகாமல் ஏன் சுற்றுகிறது? பூமி சுழல்வதால் என்று போட்டிருக்கிறது. பூமி சுழன்றால் காற்றுக்கு என்ன?

டிச. 4, வியாழன்
வெயில். ஈப்போ. கண் டாக்டர். சொட்டு மருந்து தினம் மூன்று வேளை.

மகள் மல்லிகா சீனர் கடைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள். நடுவில் சுழலும் கண்ணாடி மேசை. எலுமிச்சம்பழத்தைக் கிச்சாப் என்னும் கறுப்பு சோயா சாஸில் தோய்த்து, மேசையைக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்றி, பழத்தை நேராக உருட்டினேன். பழம் என் கண்ணுக்கு நேராகத்தான் போனது. கண்ணாடியில் விழுந்த கறுப்புக் கோடு மட்டும் வலப்பக்கம் வளைந்திருந்தது. மூன்று தடவை. மூன்றும் வலம்.

“அப்பா, எல்லாரும் பாக்குறாங்க. மேசைய விடுங்க.”

கடைக்காரம்மா வந்து என்ன விளையாட்டு என்று மலாயில் கேட்டாள். “அங்கின்” என்றேன், காற்று. “இது கிச்சாப்” என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போனாள்.

பிடிபட்டது. மேசை பூமி, பழம் காற்று. நான்கு பக்கமிருந்தும் வரும் காற்று ஒவ்வொன்றும் வலப்பக்கம் விலகுகிறது. நடுவைத் தொடாமல் அதைச் சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இந்த விலகல் மிகக் கொஞ்சம். அதனால்தான் நம் பக்கம் புயல் பிறப்பது அரிது. அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

மீன் நன்றாக இருந்தது. உப்புதான் கூடுதல்.

டிச. 5, வெள்ளி
காலை மழை. 11 மி.மீ.

பழைய ஆயாக் கொட்டகைக்குப் போனேன். தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு ரப்பர் பால் வெட்டப் போவார்களே, அந்தக் கட்டடம். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம். பூட்டி எத்தனையோ வருடம். ஒரு தகரம்கூடப் போகவில்லை. ஏணி வைத்தேன். தேவராஜன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான்.

“எழுபத்தி நாலு வயசுல ஏணி என்னாத்துக்கு அண்ணே? விழுந்தா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவீங்க.”

“பேசாம ஏணிய புடி.”

பிடித்தான். மேலே நின்று கேட்டேன்:

“தூண்ல கம்பி தெரியுதா?”

“தெரியுது. துருதான் கம்பியா நிக்குது.”

“அதே காத்து. அதே காலை. தகரம் போச்சா?”

“இது தாழ்வு அண்ணே. மண்டபம் ஒசரம், காத்துக்கு நேரா நிக்குது. அது கெடக்கட்டும், நம்ம பக்கம் புயலே வராதுன்னு சொன்னது நீங்கதானே?”

“அரிதுன்னு சொன்னேன்.”

“மினிட்ல இல்லையே.”

நான் இறங்கும் வரை ஏணியை விடவில்லை. அவன் சொன்ன உயரம் யோசிக்க வேண்டியது.

டிச. 6, சனி
மேகம். 0.

நனைந்த நோட்டுகளை வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் இல்லை. இருபத்தெட்டு மழை நோட்டு. தோட்டத்து ஆபீசில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் சேருமுன் மழைமானி பார்த்தவன் நான். மரம் நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. தோட்டத்தை விற்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. இப்போது ஆறு நோட்டில்தான் எழுத்து தெரிகிறது. மற்றதெல்லாம் நீலக் கறை.

இதையும் எழுத வேண்டும். நோட்டுகள் மண்டபத்து அலமாரியில்தான் இருந்தன. புயலுக்கு முந்தின நாள் மதியம், வெள்ளம் வரும் என்று எல்லாரும் சேர்ந்து அரிசி, பாய், சாமி உடுப்பு எல்லாவற்றையும் பரணில் ஏற்றினோம். நவம்பர் என்றால் இங்கே தண்ணீர் பயம்தான். உயரத்தில் வைத்தால் தப்பும். பரணுக்கு மேலே கம்பியில்லாத தகரம். அதை ஊரில் உரக்கச் சொன்னவன் நான் ஒருவன். அங்கேயே ஏறி, என் கையால் நோட்டுகளை வைத்தேன். மேலே பார்க்கக்கூட இல்லை.

புயலன்று மண்டபத்துக்குள் வந்த வெள்ளம் கணுக்கால் அளவு. அலமாரியின் அடித்தட்டுகூட நனையவில்லை.

டிச. 7, ஞாயிறு
வெயில். 0. கண் மருந்து போட்டாயிற்று. பத்து மணிக்குக் கூட்டம். கையில் கொண்டுபோக:

ஒவ்வொரு தூணிலும் கம்பி. மண்டபம் உயரம், அதனால் இரட்டைக் கம்பி – கூரை போடுகிறவர்.

கட்டும்போது ஏறிப் பார்ப்பது – தேவராஜன். ஏணி பிடிப்பது – நான்.

கூரை முடியும் வரை வெள்ளத்துக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியரிடம் கேட்பது – செயலாளர், நாளைக்கே.

பரணில் இனி ஒன்றும் கூடாது. இடுப்பு உயரத்தில் தட்டு – கமிட்டி.

போன வருடம் நான் சொன்னதை மினிட்டில் ஏற்றுவது – செயலாளர். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நோட்டுகளைப் பரணில் வைத்தது யார் என்பதையும் அதே பக்கத்தில் ஏற்றச் சொல்வது – நான்.