பிறைக்கு வாங்கிய ஐபீஸ்

ரமலான் இருபத்தொன்பது, இரவு.

நாளை பெருநாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர.

டெலஸ்கோப்பில் பிறை காட்டுகிறேன் என்று ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து மகரிப் பாங்கு முடிந்ததும் பாதித் தெரு எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிட்டது. டெலஸ்கோப்பில் குனிந்த நான் நிமிரவே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெறும் மங்கிய வானம்தான்.

"என்ன மச்சான், பெறை இன்னும் கோட்டாறு வந்து சேரலியா?" என்றான் என் பெண்டாட்டியின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள்.

போன மாதம்தான் கண் ஆபரேஷன் செய்துகொண்ட என் அக்கா, லாத்தா, கையை நீட்டினாள். "அன்னா நிக்குல்லா!" வெறுங்கண்ணால் பார்த்து எல்லோரும் துஆ ஓதினார்கள். கடைசியாகப் பார்த்தவன் நான்.

டெலஸ்கோப்போடு வந்த, கண் வைத்துப் பார்க்கிற இருபத்தைந்து மில்லிமீட்டர் ஐபீஸே போதும், அதில் வானம் அகலமாகத் தெரியும் என்று கூட வேலை பார்க்கும் சேவியர் படித்துப் படித்துச் சொன்னான். "பெருசா காட்டுததெல்லாம் கொஞ்சமாத்தான் காட்டும் மக்கா." கேட்டேனா? பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற வெறியில் அதைக் கடையில் கொடுத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு பெரிதாகக் காட்டும் நாலு மில்லிமீட்டரை வாங்கி வந்தேன். அதற்குள் முழு நிலாவே அடங்காது. அதை வைத்துக்கொண்டு நூல் மாதிரி இருக்கிற பிறையை வானம் முழுக்கத் தேடியிருக்கிறேன், மடையன்.

போகும்போது லாத்தா தோளைத் தட்டி, "போட்டும், அடுத்த பெருநாளைக்குக் காட்டு" என்றாள். மச்சினன் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

டெலஸ்கோப் இன்னும் மாடியில்தான் நிற்கிறது. இறக்கி வைக்க மனசில்லை. காலையில் யாராவது அதன்மேல் துணி காயப் போட்டாலும் போடட்டும்.