கடலிலிருந்து வரும் அழைப்புக்காக எங்கள் பழைய எண்ணைக் கேட்டு

அனுப்புநர்
க. சுபலட்சுமி,
க/பெ. த. கமலக்கண்ணன்,
கொசப்பாளையம், ஆரணி,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: கடற்கொள்ளையர் பிடியில் உள்ள என் கணவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கைபேசி எண் ரத்தாகிவிட்டது – அதை மீண்டும் இயங்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதுவரை நான் ஏறி இறங்கிய இடங்கள் எதிலும் மனு எண் தரவில்லை. ஆகவே பார்வை ஏதும் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. என் கணவர் கமலக்கண்ணன் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்பவர். அரிசி ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா நோக்கிச் சென்ற அவருடைய கப்பலைச் சென்ற மாதம் கடற்கொள்ளையர் கைப்பற்றினர். கப்பல் நிறுவனம் இதை எழுத்தில் உறுதி செய்துள்ளது. கடித நகலை முதல் பக்கத்திலேயே இணைத்திருக்கிறேன். நகல் இல்லாமல் வாயால் சொன்ன இடங்களிலெல்லாம் சிரித்தார்கள், அதனால்தான்.

2. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே என் கணவர் எங்களை அழைத்துவிட்டார். எங்கள் பட்டுச் சேலைக் கடையின் எண்ணுக்கு வந்த அந்த அழைப்பை என் மாமனார் தனசேகரன் எடுத்தார். முதலில் யாரோ ஒருவன் அரைகுறை ஆங்கிலத்தில் கப்பல், பணம் என்று கத்தினானாம். பிறகு என் கணவரின் குரல் கேட்டிருக்கிறது. மாமனார் சொன்னபடியே எழுதுகிறேன்: "நைனா, நான் கண்ணன் பேசறேன். கப்பலைப் புடிச்சிகினு போய்ட்டாங்க. கம்பெனிக்கு ஜல்தி போன் பண்ணு. எங்க போனையெல்லாம் புடுங்கிட்டாங்க, இந்த நம்பர் ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம். மாத்திடாதீங்க." இதைக் கேட்டுவிட்டு மாமனார் இணைப்பைத் துண்டித்தார். மறுநாள் எண்ணையும் மாற்றினார்.

3. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். துபாயிலிருந்து பேசுவதாகச் சொல்லி எங்கள் தெருவில் கல்யாணச் சேலைகளை வாங்கி ஏமாற்றிவிட்டுப் போனவர்கள் உண்டு. அடுத்த தெரு பட்டு வியாபாரி பழனிக்கு, அவர் மகளின் குரலிலேயே அழுது பணம் கேட்டார்கள். அது கம்ப்யூட்டர் செய்த குரல். அதன்பிறகு ஆரணி பட்டு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டு எண்ணிலிருந்து பணப் பேச்சு வந்தால், சொந்தப் பிள்ளையின் குரலே ஆனாலும் துண்டிக்க வேண்டும், அழைப்பு வந்த நம்முடைய நம்பரையே விட்டுவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை எழுதிப் போட்டவரே என் மாமனார்தான். எழுதியவரே மீறலாமா? பழைய எண்ணைக் கைபேசி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, சேலைப் பெட்டிகளில் அச்சாகியிருந்த எண்ணின்மேல் புது எண் ஸ்டிக்கர் ஒட்டினார். குழுவில் எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பிப் பாராட்டினார்கள்.

4. எல்லாம் முடிந்தபிறகுதான் சாப்பிட உட்கார்ந்தபோது இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். "இந்த நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம்" என்ற இடத்தில் நான் தட்டை விட்டு எழுந்துவிட்டேன். பள்ளி விடுமுறை தோறும் அந்தக் கடையில் உட்கார்ந்து பெட்டிக்குப் பெட்டி அந்த எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்தியவர் என் கணவர். என் எண்ணைக்கூட அவர் மனப்பாடம் செய்ததில்லை. இது எந்த மோசடிக்காரனுக்கும் தெரியாது, ஐயா.

5. உடனே ஓர் அலுவலகத்துக்கு ஓடினேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் கேட்டார்: "கடல் கொள்ளைக்காரனா? எந்தக் காலத்துலம்மா இருக்கீங்க? அவனுக்கு ஒத்தைக் கண்ணா, ரெண்டு கண்ணா?" பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நான் தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். பாய்மரக் கப்பலும் இடுப்பில் வாளுமாய் வந்த கொள்ளையரைப் பற்றி எனக்கும் தெரியும். அவர்கள் பெரும்பாலும் சரக்கைத்தான் தேடினார்கள். இன்றைய கொள்ளையன் அரிசி மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்து ஊர் களம்பூரில் லாரி லாரியாகக் கிடைக்கும் அரிசி அவனுக்கு எதற்கு? மோட்டார் படகில் வருகிறான், கொக்கி வைத்த ஏணியை மாட்டி ஏறுகிறான், இயந்திரத் துப்பாக்கியை நீட்டுகிறான், ஆளைப் பிடித்துக்கொண்டு சேட்டிலைட் போனை எடுக்கிறான். ஆளைப் பிடித்துப் பணம் கேட்டவர்கள் அன்றும் உண்டு. ஓலையோ கடிதமோ வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. ஆனால் வந்த செய்தியை வீட்டார் நம்பினார்கள். இன்று செய்தி ஒரு நொடியில் வருகிறது, பெற்ற தகப்பனே துண்டிக்கிறார், கேட்டவர் சிரிக்கிறார். இதில் யார் பழைய காலத்தில் இருக்கிறார்கள் என்று தாங்களே சொல்லுங்கள்.

6. அடுத்து கைபேசி நிறுவனம். அந்த எண் பின்னாளில் என் கணவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. அதை ஒப்படைக்க மாமனாருக்கு ஓர் ஓடிபி போதுமானதாக இருந்தது. திரும்பக் கேட்டால், எண்ணுக்கு உரியவர் ஆதாரோடு நேரில் வரவேண்டும், முகத்தைப் படம் எடுக்கவேண்டும் என்கிறார்கள். அந்த முகம் கடலில் துப்பாக்கி முன் இருக்கிறது என்றேன். அப்படியானால் அவர் வந்தபிறகு வாருங்கள் என்றார்கள். கொஞ்ச காலம் போனால் எண்ணை வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லித் தருகிறவள் என்பதால் வெளியே வந்துவிட்டேன்.

7. இனி எழுதுவதைத் தயவுசெய்து முழுவதும் படிக்கவேண்டும். அதே கப்பலின் சமையல்காரருடைய மனைவி இவாஞ்சலின். அவருக்குச் சென்ற வாரம் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. கண்ணன் கொடுக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒவ்வொரு முறையும் வருகிறதாம். வேண்டுமென்றே பொய் எண் கொடுத்து ஏமாற்றுகிறான் என்று கொள்ளையர் என் கணவரை அடிக்கிறார்களாம். எங்கள் புது எண்ணை இவாஞ்சலினிடம் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்ல அவருக்கு அதன்பிறகு அழைப்பே வரவில்லை. என் கணவர் வாழ்நாளில் மறக்காத ஒரே எண்ணைச் சொல்லிச் சொல்லி அடி வாங்குகிறார், ஐயா. வாங்கித் தந்தவர்கள் நாங்கள்.

8. ஆகவே தாங்கள் கைபேசி நிறுவனத்துக்கு உடனே எழுதி, அந்த எண்ணை என் பெயரிலோ மாமனார் பெயரிலோ மீண்டும் இயங்கச் செய்யவேண்டும். கணவர் நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு வாங்கித் தரவேண்டும். ஒட்டிய ஸ்டிக்கர்களையெல்லாம் என் மாமனார் நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். எண் வந்தால் போதும், கடை தயாராக இருக்கிறது.

9. ஒருவேளை அந்த எண் ஏற்கெனவே வேறு யாருக்காவது போயிருந்தால், அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம். தங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லுங்கள். வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பயந்து துண்டிக்க வேண்டாம். யாரோ "நைனா" என்று கூப்பிட்டால், "இருப்பா, வீட்டுல சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கணவர் பொய் சொல்லவில்லை என்பது அங்கே துப்பாக்கியோடு நிற்பவனுக்குத் தெரிந்துவிடும்.

இடம்: ஆரணி
நாள்: 09.06.2025

இப்படிக்கு,
க. சுபலட்சுமி

மேலே எழுதியது அனைத்தும் உண்மை. துண்டித்தவன் நான்.
தனசேகரன்
(கமலக்கண்ணனின் தந்தை)