பக்கம் புரளாத அத்தியாயம்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் நண்பரான என் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் உங்கள் நாவல்.

பதினான்கு வருடமாக ஆண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பி நலம் விசாரித்த மனிதர் நீங்கள். திடீரென்று ஒரு புத்தகம் எழுதி, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "அவனுக்கு வாசித்துக் காட்டும்மா" என்று அனுப்பிவிட்டீர்கள். உங்கள் வாயால் சொல்லத் தைரியம் வராததை என் வாயில் வைத்தீர்கள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் அவருக்கு டெலிபோன் இணைப்பு அறை, எனக்குச் சலவைத் துணி அறை. அங்கே அவருக்கு "மூணு தடவை" என்று பட்டப்பெயர். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் இணைப்பார். எலும்பு டாக்டர் ஒருவர் பொறுமை இழந்து மேலிடத்தில் புகார்கூடக் கொடுத்தார். அவ்வளவு கவனமான மனிதர் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

வேலை முடிந்து வந்ததும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, கண் தெரியாத அவருக்குப் புத்தகம் வாசிப்பேன். போன வருடம், பட்டாளத்தில் உங்கள் இருவருக்கும் அதிகாரியாக இருந்தவர் எழுதிய நாவலை வாசித்தோம். விறுவிறுப்பான புத்தகம், குறை சொல்லக் கூடாது. ஆனால் முந்நூறு பக்கத்தில் ஒருவனுக்கும் வயிற்றைக் கலக்கவில்லை, ஒருவன் காலிலும் கொப்புளம் இல்லை. சாகிறவர்கள் எல்லாரும் ஒரு நல்ல வசனம் பேசி முடித்துவிட்டுத்தான் சாகிறார்கள். இவர் பல இடங்களில் சிரித்துவிட்டார். துப்பாக்கி ஓய்ந்த அன்றே இதில் போர் முடிந்துவிடுகிறதே, அப்படியானால் நான் இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டார். அந்த நாவலில் வரும் வயர்லெஸ்காரர் இவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே சுட வேண்டும் என்று அவர் பீரங்கிப் படைக்குச் சொன்ன இட எண்களால்தான் எதிரியின் கூடாரம் தரைமட்டமாகிறது, அவர் கண்களை இழந்து வீரராகிறார். அதற்குக் கிடைத்த பதக்கம் எங்கள் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடக்கிறது.

உங்கள் நாவல் வேறு மாதிரி. பாதியிலேயே சண்டை முடிந்து, மிச்சமெல்லாம் வீடுகளாக இருக்கின்றன. ஒருவனால் பின்னால் ஆள் நிற்கும் வரிசையில் நிற்க முடியவில்லை. ஒரு மனைவி, புருஷன் திடுக்கிடக் கூடாது என்று ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் இருமிவிட்டுப் போகிறாள். நான் அதைத்தான் பதினான்கு வருடமாகச் செய்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. இவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அதுவரை உங்கள்மேல் எனக்கு மரியாதை ஏறிக்கொண்டேதான் போனது.

பிறகு பதினேழாம் அத்தியாயம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில், மடித்து அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அன்றைய பகுதியை முன்கூட்டியே வாசித்துவைப்பது என் வழக்கம். வயர்லெஸ்காரன் தாளில் இருந்த எண்ணைச் சொல்லும்போது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிச் சொல்லிவிடுகிறான். குண்டுகள் கூடாரத்துக்குப் பதில் பள்ளிக்கூடத்தில் விழுகின்றன. அங்கே ஒதுங்கியிருந்த முப்பத்தொரு பேர் சாகிறார்கள். அதே நேரத்தில் பக்கத்தில் விழுந்த குண்டில் அவன் கண்கள் போகின்றன. அந்தத் தாளைச் சேற்றிலிருந்து எடுத்த நண்பன் நீங்கள். அவனுக்குச் சொல்லக் கூடாது என்று எல்லாரும் பேசிவைத்துக்கொள்கிறீர்கள். "அவனுக்குக் கடைசி வரை தெரியாது" என்று அத்தியாயத்தை முடித்திருக்கிறீர்கள்.

அன்று மாலை நான் அதை வாசிக்கவில்லை, அண்ணா. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் இஷ்டத்துக்குக் கதை விட்டேன். மழை வந்தது, கருவி நனைந்தது, உத்தரவு ரத்தானது, ஒரு குண்டும் விழாமல் எல்லாரும் திரும்பிவந்தார்கள். எனக்கே அந்தக் கதை பிடித்துப்போனது. இவர் கடைசி வரை கேட்டுவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

இனிமேல்தான் ஆபத்து. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் இரண்டு நாவல்களையும் ஒப்பிட்டு ஒரு கூட்டம். பேசப்போவது இவர். நூலகர் மருத்துவமனை வாசலிலேயே அறிவிப்பு ஒட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் பதினேழை வாசித்துவிட்டு வருவார்கள். இவர் ஒருவர்தான் அது தெரியாமல் மைக் முன்னால் நிற்பார். யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். பதினேழாம் அத்தியாயம் முழுக்கக் கற்பனை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நூலகரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, இவருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். இவ்வளவு காலம் மறைத்தவருக்கு இன்னும் ஒரு பக்கம் பெரிய பாரமில்லை. கூடப்பிறந்தவள் கேட்பதாக நினைத்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


அடுத்த வாரம், வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் அதை அனுப்புவதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். நான் கேட்ட பக்கத்தை எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நேற்று மாலை அவர் கூட்டத்துக்கான பேச்சைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதிகாரியின் புத்தகத்தில் செத்தவர்களை எண்ணிவிடலாம், நண்பனின் புத்தகத்தில் பிழைத்தவர்களை எண்ண முடியவில்லை என்றார். நல்ல வரியாக இருக்கிறதே என்றேன். பிறகு இரண்டாவது நாவலில் ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் சரியில்லை என்று எழுதச் சொன்னார். என் பேனா நின்றுவிட்டது.

"அந்தப் பதினேழுல எல்லாரும் ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் முழுசாக் கேக்கறாங்க. சண்டையில யாரும் அப்படிக் கேக்கமாட்டாங்க" என்றார். "அதோட, அன்னிக்கு நீ ஒரு பக்கம்கூடப் புரட்டலை."

கதை விடுகிற மும்முரத்தில் பக்கத்தைப் புரட்ட மறந்திருக்கிறேன், அண்ணா. காதாலேயே பிழைக்கிற மனிதரிடம் அதைக் கோட்டைவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியக் கூடாதென்றுதான் அப்படிச் செய்தேன் என்று அவரிடமே சொன்னேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

"நான் எதுக்கு நம்பரை மூணு தடவை கேக்கறேன்னு நினைச்சே?"

அவருக்குத் தெரியும், அண்ணா. முதல் நாளிலிருந்தே தெரியும். எதிர்முனையில் எண்ணைத் திருப்பிச் சொன்னபோது சரி என்று சொல்லிவிட்டாராம். சொன்ன கையோடு தாளைப் பார்த்திருக்கிறார், தப்பு தெரிந்திருக்கிறது. திருத்திச் சொல்லக் கருவியை அழுத்துவதற்குள் அவர் பக்கத்தில் குண்டு விழுந்துவிட்டது. இந்தக் கண்கள் கடைசியாகப் படித்தது அந்த எண்ணைத்தான் என்று சொன்னார். நீங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று வீரன் என்று சொன்னபோது, உங்கள் யாருக்கும் தெரியாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாராம். நான் அறிந்தால் அவரைப் பழையபடி பார்க்கமாட்டேன் என்று என்னிடமும் சொல்லவில்லை. நீங்கள் அவருக்காக மறைத்தீர்கள், அவர் எனக்காக மறைத்தார், நான் கடைசியில் வந்து மழையைப் பெய்ய வைத்தேன். என் முட்டாள்தனத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அதைக் கேட்டதும் ஒரு நிமிடம் அவரைப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த முப்பத்தொரு பேரும் எங்கள் அறையிலேயே இருப்பது போல இருந்தது. அவர் என் மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு புத்தகத்தை எடுத்துப் பதினேழை வாசித்தேன். பதினொரு பக்கம், ஒரு வரி விடவில்லை, எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன்.

முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனை பேர் என்று இதுவரை அவருக்கு யாரும் சொன்னதில்லையாம், கேட்கவும் தைரியம் வரவில்லையாம். முப்பத்தொன்று என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார், சொன்னேன். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் தலையை ஆட்டினார்.

கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பேச்சை நிறுத்திவிட்டு, பதினேழை நான் மேடையில் வாசிக்க வேண்டும் என்கிறார். அது யாருடைய கதை என்று அவரே எழுந்து சொல்லப்போகிறாராம். கூட்டத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள், மறுநாள் மருத்துவமனையில் எப்படி நடமாடுவோம் என்று எனக்குத் தெரியவில்லை. பதக்கத்தை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறார், என்ன செய்யப்போகிறார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் அத்தியாயத்தின் கடைசி வரி தப்பு, அண்ணா. அதை நீங்கள் அவர் முன்னால் திருத்த வேண்டும். எவ்வளவு தூரமானாலும் கிளம்பி வாருங்கள். அந்த வரி வரை வாசித்துவிடுவேன், அதற்குமேல் என் குரல் வருமா என்று தெரியாது. முதல் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி பிடித்துவைக்கிறேன். அவர் பக்கத்தில்தான். உள்ளே வரும்போது வாசலில் நின்று ஒரு முறை இருமிவிட்டு வாருங்கள்.

எதிர்பார்த்திருக்கும்
உங்கள் தங்கை