மூன்று நாள் ஊசி, பத்து நாள் மாத்திரை

கரகண்டா, மார்ச் 11

அன்பு மகள் இர்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கக் கடவுள் துணை. நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பொய் எழுத என் கை பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சிறுநீர் போகும்போது எரிகிறது, டாக்டர் வலி மாத்திரை தந்தார், போட்டால் ஒன்றும் தெரியவில்லை, இரண்டு வாரமாய் அதிலேயே ஓட்டுகிறேன் என்றாய். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வரச் சொன்னார், நீ இரண்டு வாரம் பார்த்திருக்கிறாய். விலாவுக்குக் கீழே முதுகு இழுப்பதற்கு ஆபீஸ் நாற்காலிதான் காரணமாம். நான் வாயெடுத்தால் சரிம்மா சரிம்மா என்று போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வியாழக்கிழமை உங்கள் ஊர்ப்பக்கம் விமானம் ஏறும் மாடி வீட்டு ரவுஷனின் மருமகன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். பிப்ரவரியில் எனக்கும் இதேதான் வந்தது, குளிர் நடுக்கமும் காய்ச்சலுமாக. டாக்டர் பெண்ணுக்கு உன் வயதுகூட இராது, ஆனால் தெளிவாக எழுதித் தந்தாள். கிருமியைக் கொல்லத் தினம் ஒரு ஊசி, பத்து நாள். வலியும் வீக்கமும் குறைய மாத்திரை, மூன்றே நாள். ஊசி போட மாடியிலிருந்து ரவுஷன் வந்தாள். நர்ஸ் வேலையை விட்ட பிறகும் இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள்தானே போடுகிறாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி முன்னால் பாவாடையை இறக்குவது என்னால் ஆகவில்லை. சாமி கும்பிடத் தடையிருந்த காலத்தில், நாடு கடத்தப்பட்டு இங்கே வந்த கன்னியாஸ்திரீகளிடம் சமையலறையில் ஒளிந்து வேதம் படித்தவள் நான், குளிக்கும்போதுகூட உள்சட்டையைக் கழற்றாதே என்று வளர்த்தார்கள். மூன்றாம் நாள் வலி போயிற்று, காய்ச்சலும் போயிற்று. நான்காம் நாள் கதவுச் சங்கிலியை எடுக்காமலே, குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றேன். முப்பது வருஷம் சுரங்க ஆஸ்பத்திரியில ஆயிரம் இடுப்பப் பாத்தவ நான், உங்க இடுப்புல மட்டும் என்னக்கா தங்கமா ஒட்டியிருக்கு என்று இடுக்கு வழியே கேட்டாள். கதவைச் சாத்தினேன். மாத்திரையை மட்டும் விடவில்லை, அதை விழுங்க யார் முன்னாலும் எதையும் இறக்க வேண்டியதில்லையே.

பத்தாம் நாள் குளியலறையில் விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்து, மருமகனை விட்டுச் சங்கிலியை அறுத்து என்னைத் தூக்கியவள் ரவுஷன்தான். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். என் சிறுநீரகங்களுக்கு இனிப் பழைய பலம் வராதாம், பாதி கிருமி செய்த வேலை, பாதி அந்த மாத்திரை செய்தது. புகைபோக்கிய அடைச்சுட்டா அடுப்பு அணைஞ்சிருமா பாட்டி என்று அந்த டாக்டர் பெண் கேட்டாள். எழுபத்தாறு வயதில், அடுத்த ஊசிக்கு நானே திரும்பிப் படுத்தேன்.

ஆகையால் அந்த வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, இது கிடைத்த அன்றே போய்ச் சிறுநீரைச் சோதிக்கக் கொடு. டாக்டரிடம் முதுகைப் பற்றிச் சொல், நாற்காலியைப் பற்றிப் பேசாதே. கிருமி மருந்து எழுதினால் கடைசி நாள் வரை விழுங்கு, சுகமாயிருக்கிறது என்று உன் உடம்பு சொன்னால் நம்பாதே, என்னுடையதும் அப்படித்தான் சொன்னது. ஒட்டக ரோமப் பட்டை ஒன்று அனுப்புகிறேன், ரவுஷன் பின்னியது. இடுப்பில் கட்டிக்கொள், ஆனால் அது மருந்தாகாது. சோதனையில் என்ன வந்தது என்று சாக்குப்போக்கு இல்லாமல் எழுது.

ஆஸ்பத்திரியில் மறுபடி தொடங்கியதில் எனக்கு இன்னும் மூன்று ஊசி பாக்கி. அறுந்த சங்கிலியை நான் மாற்றவில்லை. இதோ, மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது.

இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஒட்டீலியா