கம்பத்தைப் பிடித்திருக்கும் வள்ளக் கயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேரே சொன்னால் பாதியிலேயே சிரித்துத் தட்டிவிடுவீர்கள்.

நாளை பூசை முடிந்ததும் ரேடியோக் கம்பத்தில் ஏறிப் புது அன்ரெனாவைப் பூட்டப் போவதாக அம்மாவிடம் சொன்னீர்கள். மாமாவிடம் இடுப்புப் பட்டியும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். நல்ல பட்டிதான். ஆனால் அது உங்களைக் கம்பத்தோடுதான் கட்டும்.

கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பது நம் பழைய வள்ளத்தின் நைலோன் கயிறு. இரும்புக் கம்பி போடலாமே என்றதற்கு, "புயலுக்கே வள்ளத்தை விடாத கயிறடி இது. கம்பசுக்குப் படிக்கப் போனவவுக்கு இப்ப கயிறும் படிப்பிக்கோணுமோ?" என்றீர்கள். அம்மாவும் சிரித்தா.

கடலில் அது நனைந்து கிடந்தது, அப்பா. இங்கே வருடக்கணக்காக வெயிலில் காய்கிறது. இன்று கடற்பக்கக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள். முடிச்சருகே இழைகள் அறுந்து தொங்குகின்றன. கடலிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போதெல்லாம் கம்பம் வீட்டுப் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் நிமிர்கிறது.

கயிறுகளை மாற்றும்வரை ஏற வேண்டாம். ஏறத்தான் போகிறீர்கள் என்றால், என்னைக் கீழே நின்று பார்க்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் மூத்த மகள்