கிழிசல் தெரியாத சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு விஷயம், பதறாதே. எங்க தையல் கம்பெனி சூப்பர்வைசர் கையைப் பிடிச்சு இழுத்ததில் என் சட்டைத் தோள் கிழிஞ்சுபோச்சு. அவன்மேல் புகார் கொடுத்துட்டேன். வக்கீலம்மா சாட்சிக்குச் சட்டையைக் கேட்டாங்க. கிழிசலைப் பார்த்தா நம்ம கை சும்மா இருக்குமா? அன்னைக்கே தைச்சிட்டேனே! வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவங்களுக்குக் கிழிசல் தெரியலை. நீ பழக்கின கையாச்சே!

இப்போ பயந்துக்கிட்டு யாரும் என்கூட உட்கார்ந்து சாப்பிடறதில்லை. பெரிய டிபன் பாக்ஸில் சோறு மீந்துபோகுது, சின்னதா ஒண்ணு அனுப்பு.

மணி அடிச்சிட்டாங்க. "அடுத்த தடவை தைச்சிடாதேம்மா"ன்னு வக்கீலம்மா நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அதுவரைக்கும் நான் அழவே இல்லைம்மா.

உன் மக