உங்கள் வாயில் தொடங்கிய வேலை

அக்கா,

மாலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு மாதக் கணக்கு எழுத உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்த தாரணி பக்கத்தில் சாய்ந்தாள். அவள் துப்பட்டாவில் கிராம்புத் தைல வாசம். பருப்புக் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களை நினைத்தேன்.

அவளைச் சேலத்தில் பல் சுகாதாரப் படிப்பில் சேர்த்தபோது வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டீர்கள்: "பல்லு வெளக்கறதுக்கு ரெண்டு வருசப் படிப்பாக்கும்? நானெல்லாம் வேப்பங்குச்சியிலயே பாஸ் பண்ணிட்டனே." ஓரகத்தி சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். தாரணி சிரித்துவிட்டதால் நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டாம் வருடம் அந்தச் சிரிப்பு அவளிடம் இல்லை. ஒரு சனிக்கிழமை வந்தவள், இனிப் போகமாட்டேன் என்றாள். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதானாம். பாடம் பிடித்திருக்கிறது, ஈறைப் பார்த்ததும் என்ன கோளாறு என்று சொல்லத் தெரிகிறது, ஆனால் வெளியே யார் வேலை தருவார்கள்? சுத்தம் செய்வதை டாக்டரே செய்துகொள்கிறார். முன்னால் படித்தவர்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு நோயாளியைக் கூட்டிவர வேண்டும். கறையைச் சுரண்டினால் பல் ஆடிவிடும் என்று பயந்து நம் ஊரில் ஒருவரும் வரவில்லை.

நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தீர்கள். "நான் வாரேன் சாமி. ஆடுனா ஆடிட்டுப் போவுது. இனி என்னையப் பொண்ணு பாக்க ஆரு வாரா?"

மூவரும் காலைப் பஸ்ஸில் போனோம். வராந்தாவில் வெள்ளைக் கோட்டுடன் காத்திருந்த பிள்ளைகளையும் நீங்கள் விடவில்லை. "ஏனம்மிணி, படிச்சுப்போட்டு என்ன பண்ணுவீங்க?"

"தெரியலைங்க பெரியம்மா. ஊட்டுல நர்ஸுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிக்குதுங்க. அதான் பயமா இருக்குது" என்றாள். அவளை மட்டும் நீங்கள் கேலி செய்யவில்லை.

தாரணி பல்லை மூடியிருந்த கறையையெல்லாம் சுரண்டி முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ற பல்லு இத்தனை சின்னதா?" என்றீர்கள். திரும்பி வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சுப்போடு. வேலை வாரப்ப வரட்டும்" என்று ஒரே தடவை சொன்னீர்கள்.

முடித்தாள். வேலைதான் வரவில்லை. ஒரு கிளினிக்கில் போன் எடுத்தாள், கருவி கழுவினாள். டாக்டருக்கு நேரமில்லாத அன்று மட்டும் பல் சுத்தம் செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் பக்கவாதம் வந்து படுத்தீர்கள். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினோம், உடம்பு துடைத்தோம், தலை வாரினோம். வாய்க்குள் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தாரணிதான் டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்கு காய்ந்து வெடித்து, வாயெல்லாம் புண். துணியை நனைத்து விரலில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். "பெரியம்மா, வலிச்சா என்ற கையைக் கடிச்சுருங்க" என்றாள். நீங்கள் கடிக்கவில்லை.

தினமும் வேலைக்குப் போகும் முன் வந்து செய்தாள். நீங்கள் கண்ணை மூடுவதற்கு முந்தைய கடைசி மாதத்தில் உங்கள் வாயில் புண் இல்லை, நாற்றம் இல்லை. பேரப்பிள்ளைகள் முகத்தோடு முகம் வைத்துப் பேசினார்கள். பார்க்க வந்த டாக்டர் யார் செய்தது என்று கேட்டார். அவர் சொல்லி ஒரு வீடு, அந்த வீட்டார் சொல்லி இன்னொரு வீடு. இப்போது அயோத்தியாப்பட்டணம்வரை படுக்கையில் இருப்பவர்களின் வாயைப் பார்க்க அவளைக் கூப்பிடுகிறார்கள். பாதி நாள் கிளினிக், பாதி நாள் இது. நிரந்தரம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இப்போது அவளை நோயாளிகள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

கூடப் படித்தவள் ஒருத்தி போனில், "உனக்கு இந்த வேலைய ஆரு வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டாளாம்.

"எங்க பெரியம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டது. யாராவது படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனால், கஞ்சி குடித்தாரா என்று கேட்கும் முன் வாய் துடைத்துவிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் கேட்காமல் அந்த வீட்டுப் படி இறங்க முடியவில்லை, அக்கா.